மூன்று நாள் குமரி சைக்கிள் பேக்கேஜ்: சாப்பாட்டுக்கு முழு மார்க், டயருக்குப் பாதி

நாகர்கோவிலில் இருந்து ஒரு சிறு குழு நடத்தும் பேக்கேஜ் இது. மூன்று பகல், இரண்டு இரவு. சைக்கிள், ஹெல்மெட், பின்னால் வரும் ஒரு வேன், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 11,500 ரூபாய். முதல் நாள் கன்னியாகுமரியில் தொடங்கி வட்டக்கோட்டை போய்த் திரும்பி, கடலோரமாகவே கோவளம், மணக்குடி, சொத்தவிளை, சங்குத்துறை வழியாக முட்டம். இரண்டாம் நாள் திங்கள்நகர், தக்கலை, பத்மநாபபுரம், திருவட்டாறு, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு. மூன்றாம் நாள் காலையில் சிதறால் மலை, பிறகு வேனில் ஏற்றி மருந்துவாழ்மலை. முதல் இரண்டு நாளும் சுமார் 45 கிலோமீட்டர் வீதம். மூன்றாம் நாள் மிதிப்பது குறைவு, நடப்பது அதிகம். நடத்துகிறவர்கள் பெயரை இங்கே போடவில்லை.

வரைபடத்தில் பார்த்தால் நல்ல திட்டம். ஒரே மாவட்டத்துக்குள் கடற்கரை, வயல், ரப்பர்த் தோட்டம், மலை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பது குமரியின் பெரிய வசதி. ஆனால் இந்த ஊரில் சைக்கிள் மிதிக்கிறவருக்குத் தூரத்தைவிட முக்கியமானவை இரண்டு: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மணி என்ன ஆகிறது. பேக்கேஜ் சறுக்குவது இந்த இரண்டிலும்தான்.

முதலில் காற்று. டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை இங்கே வாடைக்காற்று, வடகிழக்கில் இருந்து வரும். அப்போது கன்னியாகுமரியில் இருந்து மேற்கே முட்டம் நோக்கிப் போனால் காற்று முதுகைத் தள்ளும். காலை எட்டு மணிக்குள் மணக்குடிப் பாலத்தைத் தாண்டிவிடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை தலைகீழ். மேற்கில் இருந்து வரும் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருங்கிப் புகுந்து வேகம் பிடிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் இதே கடலோரப் பாதையை இதே திசையில் மிதித்தால், சமதளத்தில் 18 கிலோமீட்டர் வேகம் போகிறவர் 12-க்கு இறங்கிவிடுவார். மணக்குடிக்கு அப்பால் ஒதுங்கத் தோப்பும் குறைவு, மணல் முகத்தில் அடிக்கும். திட்டத்தைத் திருப்பிப் போட்டு, முட்டத்தில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடித்தால் வேலை முடிந்தது. வேன் கையில் இருக்கிறது, அதற்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே திசைதான். கேட்டால், சூரிய உதயத்தைக் கன்னியாகுமரியில் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்று வருகிறவர்கள் விரும்புகிறார்கள் என்று பதில் வருகிறது. ஜூன், ஜூலையில் பாதி நாள் மேகம் மூடிக்கொள்ளும் உதயத்துக்காக முப்பது கிலோமீட்டர் எதிர்காற்று வாங்குவது நல்ல பேரம் அல்ல.

இனி சைக்கிள். எல்லாமே ஹைப்ரிட் வகை: 700 × 40 டயர், கம்பி இழுக்கும் டிஸ்க் பிரேக், முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் எட்டு. முன்னால் சிறியது 22 பல், பின்னால் பெரியது 34 பல். இந்தத் தேர்வைப் பாராட்ட வேண்டும். குமரி மேற்கில், குறிப்பாகத் திங்கள்நகருக்கு மேல், நீண்ட மலையேற்றம் என்று எதுவும் வராது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் இருநூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு குத்தேற்றம் வரும், இறங்கும், மறுபடி வரும். சாலை சைக்கிளில் வருகிறவர்கள் இந்த இடத்தில் தொடை பிடித்து நிற்பார்கள். 22-34 இருந்தால் பெரும்பாலும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். ஏற்றம் தொடங்கிய பிறகு அழுத்திக்கொண்டே கியர் மாற்றினால் செயின் நழுவி உள்பக்கம் விழும். வளைவு தெரியும்போதே மாற்றிவிட வேண்டும். வழிகாட்டியாக வரும் இளைஞர் இதைப் புறப்படும் முன்பே சொல்லிக் கொடுக்கிறார். சொல்லும் விதமும் நன்றாக இருக்கிறது.

பராமரிப்புதான் பாதி மார்க். எல்லா டயரிலும் 70 பி.எஸ்.ஐ. காற்று. ஐம்பது கிலோ ஆளுக்கும் தொண்ணூறு கிலோ ஆளுக்கும் ஒரே அளவு. 40 மில்லிமீட்டர் டயருக்கு, எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு, பின்னால் 50 முதல் 55, முன்னால் 45 போதும். மழை நாளில் இன்னும் ஐந்து குறைக்கலாம். 70 வைத்தால் கடலோரச் சாலையின் ஒட்டுப்போட்ட தார் ஒவ்வொன்றும் மணிக்கட்டில் தெரியும். சாலையில் சிதறிக் கிடக்கும் மணலில் முன்சக்கரம் வழுக்கும். ரப்பர்த் தோட்டச் சாலையில் பாசி படிந்த சிமெண்ட் தளத்தில் இன்னும் மோசம். அங்கே விழுகிறவர்கள் பெரும்பாலும் வளைவில் முன்பிரேக்கைப் பிடித்து விழுகிறவர்கள். நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும்.

செயினில் கெட்டியான எஞ்சின் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். கடலைவிட்டுத் தள்ளி இருக்கும் ஊர்களில் அது பரவாயில்லை. இந்தக் கடற்கரையில் கூடாது. முட்டம், மணவாளக்குறிச்சி பக்கத்து மணலில் இல்மனைட், கார்னெட், சிர்க்கான், மோனசைட் எல்லாம் கலந்திருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாளில் ஒட்டும் சரக்கு. பிசுபிசுப்பான ஆயிலில் அது ஒட்டிக்கொண்டால் செயினும் பல்சக்கரமும் ஒன்றையொன்று தேய்த்துத் தின்னும். மெல்லிய செயின் ஆயில், ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு, பத்து நிமிடம் கழித்துத் துணியால் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைப்பது: இதுதான் இங்கே சரி. முட்டத்தில் தங்கும் இரவு சைக்கிளை நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். உப்புக்காற்று ஒரு இரவில் பிரேக் கம்பியின் முனையைத் துருவாக்கிவிடும். பேக்கேஜில் அந்த வேலை கிடையாது. கேட்டால் ஒரு வாளித் தண்ணீர் தருகிறார்கள், அவ்வளவுதான். பிரேக் பேடில் உராயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். புறப்படும் முன் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வழியில் நிறுத்தும் வில்லன்கள் இரண்டு. சாலையோர உடைமுள் ஒன்று. மீனவ ஊர்களில் வலை காயப்போடும் இடத்தில் கிடக்கும் நைலான் நரம்புத் துண்டுகள் இன்னொன்று. நரம்பு டயரைக் குத்தாது, பின் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு கியரை நிறுத்திவிடும். முன்னோக்கி மிதித்து இழுத்தால், கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் டீரெய்லர் வளைந்துபோகும். நின்று, சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றி, நரம்பைப் பிளேடால் அறுத்து எடுக்க வேண்டும். உடைமுள் குத்தினால் டியூபை மாற்றும் முன் டயரின் உட்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். துணி மாட்டும் இடத்தில் முள் இருக்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் ஐந்து நிமிடத்தில் அதுவும் போகும். வேனில் ஸ்பேர் டியூப் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் வால்வு பிரெஸ்டா என்னும் மெல்லிய வகை, வேனில் இருக்கும் பம்பின் வாய் மோட்டார் பைக் வால்வுக்கானது. இருபது ரூபாய் அடாப்டர் ஒன்று இல்லாமல் மொத்தக் குழுவும் சாலையோரத்தில் நிற்கக்கூடிய நிலை.

பாதை பற்றி ஒரு குறை. தக்கலையை நெருங்கும்போது தேசிய நெடுஞ்சாலை 66-இல் கொஞ்ச தூரம் ஓட்டவிடுகிறார்கள். அகலம் குறைந்த, எப்போதும் பஸ்ஸும் டாரஸ் லாரியும் நெருக்கும் சாலை அது. சைக்கிளுக்கு ஓரமே கிடையாது. இத்தனைக்கும் குமரி மாவட்டம் முழுக்கக் கால்வாய்கள். அனந்தனார் கால்வாய், தோவாளைக் கால்வாய் என்று கரையோரமாகவே வளைந்து போகும் சிறு சாலைகளில் ஏற்றம் இல்லை, நிழல் உண்டு, போக்குவரத்து இல்லை. தண்ணீர் ஓட வெட்டிய வழி என்பதால் சரிவு கண்ணுக்குத் தெரியாத அளவுதான் இருக்கும். சைக்கிளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சுசீந்திரம் – தேரூர் குளக்கரையும் விடுபட்டிருக்கிறது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் அது. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வரும் இடம். வட்டக்கோட்டைக்குப் போய் வரும் நேரத்தில் தேரூரைப் பார்த்துவிடலாம். கோட்டை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வழியிலேயே திரும்ப வேண்டியிருக்கிறது.

மணி விஷயம் இரண்டாம் நாளில் வெளிப்படுகிறது. பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. திங்கட்கிழமை விடுமுறை. பேக்கேஜோ வாரம் தோறும் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது! ஆக ஒவ்வொரு குழுவும் திங்கட்கிழமை பூட்டிய வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிறது. அதற்குப் பதில் உதயகிரிக் கோட்டையைக் காட்டுகிறார்கள். டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்ற டச்சுத் தரப்பின் தளபதி, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் அந்த மர அரண்மனைக்கு ஈடு அல்ல.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நேரம் சரியாக அமைகிறது, மாலை நான்கு மணிக்கு மேல். பறளியாற்றின் மேலே 28 தூண்களில், 115 அடி உயரத்தில், பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீரை ஒரு மலையில் இருந்து அடுத்த மலைக்குக் கடத்தும் தொட்டி. 1966-இல் கட்டியது. பக்கவாட்டு நடைபாதை குறுகல், சைக்கிளை உள்ளே எடுத்துப் போகாதீர்கள். எதிரே ஒரு குடும்பம் வந்தால் இரண்டு பேருக்கும் வழி இருக்காது. பாலத்தின் மேல் நடந்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். படியில் இறங்கி ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அதன் உயரம் உறைக்கும். வழிகாட்டி எல்லோரையும் கீழே கூட்டிப் போகிறார். அந்த ஒரு காரியத்துக்கே அவருக்குத் தனியாக நன்றி சொல்லலாம்.

திற்பரப்பில் கோதையாறு விழும் அருவி. மேலே மழை பெய்தாலோ பேச்சிப்பாறை அணையில் மறுகால் திறந்தாலோ குளிக்கத் தடை போடுவார்கள். அதைப் பேக்கேஜ்காரர்கள் மேல் குறையாகச் சொல்ல முடியாது.

தங்குமிடங்கள் சுத்தம். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இந்தப் பேக்கேஜின் உயிர் சாப்பாட்டில் இருக்கிறது. முதல் நாள் காலை புட்டு, பயறு, பப்படம், ஏத்தன்பழம். ஓட்டல் புட்டு அல்ல, வீட்டு வாசலில் ஒரு சேச்சி குழலில் அவித்துத் தள்ளும் புட்டு. "மக்களே, இன்னும் ரெண்டு கட்டி போடட்டா" என்று கேட்டுக்கொண்டே போட்டுவிடுவார். இரண்டுக்கு மேல் வேண்டாம், பத்து மணிக்கு வயிறு இறுகும். பதினொரு மணிக்கு முட்டத்தில் மரச்சீனிக்கிழங்கும் சாளைக் கறியும். கிழங்கைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, தேங்காயும் பச்சைமிளகாயும் சீரகமும் சதைத்துப் போட்டு மயக்கி எடுக்கிறார்கள். தண்ணீரைக் கொட்டுவது ருசிக்காக மட்டும் இல்லை, கிழங்கில் உள்ள நச்சுப் பொருள் அந்தத் தண்ணீரோடு போகும். மதியம் சம்பா அரிசிச் சோறு, மீன் அவியல், துவரன், புளிசேரி. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், கிழக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குமரிக்கு இரண்டு கரையும் உண்டு என்பதால் மீன் அடியோடு நின்றுபோவதில்லை. ஆனால் தட்டில் வகை குறையும், விலை கூடும். அந்த மாதங்களில் பெரிய மீனை எதிர்பார்க்காமல், நாட்டுப்படகில் வரும் சாளை, நெத்தோலியோடு திருப்திப்பட வேண்டும்.

இரண்டாம் நாள் இரவு உள்ளித் தீயல், அதாவது வறுத்தரைத்த தேங்காயில் சின்ன வெங்காயக் குழம்பு, செய்து காட்டுகிறார்கள். நான்கு பேருக்கு அரை மூடித் தேங்காய், இருநூறு கிராம் சின்ன உள்ளி, இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லி, ஆறு மிளகாய் வத்தல், அரைத் தேக்கரண்டி நல்லமிளகு, நெல்லிக்காய் அளவு புளி. தேங்காயை இரும்புச் சட்டியில் சிறு தீயில் பதினைந்து நிமிடம் கிளற வேண்டும். காப்பிப்பொடி நிறம் வரும் முன்பே இறக்கிவிட வேண்டும், சட்டியின் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். அரைக்கும்போது முதலில் தண்ணீர் விடாமல், எண்ணெய் கசியும் வரை அரைத்தால்தான் குழம்பு கறுத்துத் திரண்டு வரும். தீயைக் கூட்டி அவசரப்பட்டால் தேங்காய் வெளியே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும், குழம்பில் ஒரே கசப்பு. சமைக்கும் அக்காள் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்கிறார், கரண்டியையும் கையில் கொடுக்கிறார். மொத்தப் பேக்கேஜில் விலைக்கு மேல் கிடைக்கும் பகுதி இதுதான்.

விளம்பரத் தாளில் 'ஒயின் மாலை' என்று ஒரு வரி இருக்கிறது. இத்தாலியின் டஸ்கனியிலும் பிரான்சின் போர்தோவிலும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டி, சாயங்காலம் அதே தோட்டத்து ஒயினைக் குடிப்பது வழக்கம். அங்கே அதில் அர்த்தம் உண்டு, மண்ணும் குடிப்பதும் ஒன்று. இங்கே திராட்சைத் தோட்டம் ஏது? கடையில் வாங்கிய ஒரு பாட்டிலை மேசையில் வைக்கிறார்கள். குமரி மண்ணின் பானம் வேண்டுமென்றால் அக்கானி இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பது. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் புளிக்காது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் வெயில் ஏற ஏறக் கள்ளாகிவிடும், கள் இறக்கத் தமிழ்நாட்டில் தடை. கேரள எல்லை தாண்டினால் பாறசாலைப் பக்கம் கள்ளுக்கடை சட்டப்படியே நடக்கிறது. அங்கிருந்து வாங்கி இந்தப் பக்கம் கொண்டு வருவது குற்றம், யாராவது வழிகாட்டி ஆசை காட்டினால் ஏமாற வேண்டாம். பனை சீசனில் விடியற்காலையில் அக்கானி, மற்ற மாதங்களில் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி என்று மாற்றினால் அந்த வரிக்கு உயிர் வரும்.

ஓட்டும்போது சாப்பிட மட்டிப்பழம் தருகிறார்கள். சரியான தேர்வு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி, விரல் நீளம், மெல்லிய தோல், நல்ல மணம். மணிக்கு மூன்று நான்கு சாப்பிடலாம். தோல் மெல்லியது என்பதால் பையின் அடியில் போட்டால் கூழாகிவிடும், ஹேண்டில்பாரில் தொங்கவிடுங்கள். குடிக்க இளநீர் மட்டும் தருவது போதாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், உப்பு குறைவு. குமரியின் புழுக்கத்தில் வியர்வையோடு போவது உப்பு. சட்டையில் வெள்ளைக் கோடு தெரிந்தால் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ மோரோ வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கைக் கையோடு வைத்திருங்கள், ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். வேனின் முதலுதவிப் பெட்டியில் அது இல்லை.

மூன்றாம் நாள் சிதறால். காலை ஏழு மணிக்கு ரப்பர்த் தோட்டங்கள் வழியாக மிதித்துப் போவது இந்தப் பயணத்தின் மிக அழகான ஒரு மணி நேரம். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும் என்பதால் விடியும் முன்பே வெட்டத் தொடங்கிவிடுவார்கள். ஏழு மணிக்குச் சிரட்டைகள் பாதி நிறைந்திருக்கும். வெட்டுகிறவர்களுக்கு வழிவிட்டுப் போங்கள். மலையில் கல் பாவிய பாதை, யாரும் ஏறலாம். பாறையில் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள், மேலே இன்று பகவதி கோயிலாக இருக்கும் பழைய சமணக் கோயில், ஒன்பதாம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு. கைடு வரலாற்றை ஐந்து நிமிடத்தில் முடிப்பது நல்லது.

பிறகு செய்யும் தவறு பெரியது. வேனில் ஏற்றிப் பொற்றையடி கொண்டுவந்து, பதினொன்றரை மணிக்கு மருந்துவாழ்மலை ஏறச் சொல்கிறார்கள். அது வெறும் பாறை மலை. கீழே கொஞ்ச தூரம் படி, மேலே போகப் போகப் பாறை மேல் பாறை. காலை பத்துக்கு மேல் கல் சூட்டைத் திருப்பி அனுப்பும், நிழல் என்றால் நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகை போன்ற சில இடங்கள்தான். ஐந்தரை மணிக்கு ஏறத் தொடங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் உச்சி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சாமித்தோப்பு உப்பளம், பின்னால் மலைத்தொடர். இதே மலையை முதல் நாள் விடியலில் வைத்து, அந்தக் கன்னியாகுமரி உதயத்தையும் அங்கிருந்தே காட்டிவிட்டால் திசைச் சிக்கலும் பாதி தீரும். குரங்குகள் உண்டு, பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்து ஏறாதீர்கள். நல்ல பிடிமானமுள்ள செருப்பு போதும், ஆனால் சைக்கிள் ஷூவோடு பாறையில் கால் வைக்கக் கூடாது.

கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காட்டு நடை வேண்டும் என்று கேட்டால் வனத்துறை அனுமதியைப் பொறுத்தது என்கிறார்கள், சரியான பதில். அனுமதி இல்லாமல் கூட்டிப்போகிறேன் என்கிறவரைத்தான் சந்தேகப்பட வேண்டும். மழைக்காலத்தில் அங்கே அட்டை கடிக்கும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக் கட்டிக்கொள்வதுதான் முதல் பாதுகாப்பு. கடித்துவிட்டால் வாய்ப்பக்கம் நகத்தை வைத்துத் தள்ளி எடுங்கள், பிய்த்து இழுக்காதீர்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் என்றால் இந்த விலைக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஜூன், ஜூலையில் திசையை மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். நான்கு பேருக்கு மேல் சேர்ந்தால் தொடங்கும் நாளை மாற்றிக்கொள்ளலாம். செவ்வாய் முதல் வெள்ளி வரை எந்த நாளில் தொடங்கினாலும் அரண்மனை திறந்திருக்கும், அது ஒன்றரை மணி நேரமாவது கேட்கும். சொந்த சைக்கிள் கொண்டுவந்தால் 1,500 ரூபாய் குறைக்கிறார்கள். ரயிலில் கொண்டுவருகிறவர்கள் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, நாகர்கோவில் சந்திப்பில் எடுத்துக்கொள்ளலாம். ஏற்றும் முன் பெடலைக் கழற்றிவிடுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசை, வலப்பக்கம் கழற்றுவது போலவே திருகினால் இன்னும் இறுகும்.